பலர் மூச்சில் ஒரு குரல்

திருவனந்தபுரம் பாளையத்தில் ஒரு சந்திப்பைச் சுற்றி மூன்று வழிபாட்டிடங்கள் நிற்கின்றன: பள்ளிவாசல், கணபதி கோயில், 1873இல் தோன்றிய புனித யோசேப்பு பேராலயம். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் லண்டன் மிஷனரி சங்கத்தின் பெயரை இன்றும் தாங்கியிருக்கும் எல்.எம்.எஸ். வளாகமும், 1906இல் திறக்கப்பட்ட மட்டீர் நினைவு தேவாலயமும் இருக்கின்றன. இந்த நகரத்திலும், தெற்கே நெய்யாற்றின்கரை, பாறசாலை வழியாகக் களியக்காவிளை வரை நீளும் சாலையோரச் சபைகளிலும், ஞாயிறு நெருங்கும் மாலைகளில் பாடகர் குழுக்கள் பயிற்சிக்குக் கூடுகின்றன. கூடுபவர்களில் முறையாகச் சங்கீதம் படித்தவர்கள் குறைவு. பள்ளி மாணவர்கள், அரசு ஊழியர்கள், செவிலியர்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் எனப் பலரும் வருகிறார்கள். தனியாகப் பாடச் சொன்னால் மறுத்துவிடும் பலர், ஆல்ட்டோ வரிசையிலோ பேஸ் வரிசையிலோ நின்றால் தயங்காமல் வாய் திறக்கிறார்கள்.

அந்தத் தயக்கம் எப்படி விலகுகிறது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. திறமை வளர்வதால் தன்னம்பிக்கை வருகிறது என்பது வழக்கமான விடை. அது பாதி உண்மை. தென்திருவிதாங்கூரின் கதையைப் பார்த்தால், திறமைக்கு முன்பே வேறொன்று நடந்திருப்பது தெரிகிறது. வாய் திறந்து மூச்சு விட்டுப் பாடுவதற்கு ஒரு மனிதருக்கு இடம் கிடைத்தது. அந்த இடத்தில் அவர் குரல் தேவைப்பட்டது.

சாமுவேல் மட்டீர் திருவனந்தபுரத்தில் பணியாற்றிய மிஷனரி. 1871இல் வெளியான 'தி லேண்ட் ஆஃப் சாரிட்டி' என்ற நூலில், புலையர்கள் மேல்சாதியாரிடம் பேசும்போது கடைப்பிடிக்க வேண்டியிருந்த விதிகளை எழுதியிருக்கிறார். தன்னைக் குறிக்க 'நான்' என்று சொல்லக் கூடாது, 'அடியன்' என்றே சொல்ல வேண்டும். தான் உண்பதைச் சோறு என்று சொல்லக் கூடாது. பெற்ற பிள்ளைகளைக்கூட விலங்குகளின் பெயரால்தான் குறிப்பிட வேண்டும். பேசும்போது கையால் வாயை மூட வேண்டும், மூச்சுக்காற்று பட்டு எதிரே நிற்பவர் தீட்டாகிவிடக் கூடாது என்பதற்காக. அடிமை முறையைத் திருவிதாங்கூர் அரசு 1855இல் சட்டப்படி ஒழித்துவிட்டது. ஆனால் நூல் வெளிவந்த காலத்திலும் இந்தப் பழக்கங்கள் கண்முன்னே இருந்தன.

தேவாலயப் பாட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்தை வாசித்துவிட்டே பேச வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரு சமூகம் இன்னொரு சமூகத்தின் மூச்சையே அசுத்தம் என்று வகுத்திருந்தது. அந்த ஊரில், அதே மக்கள் ஓரிடத்தில் கூடி, கையை எடுத்துவிட்டு, நெஞ்சு நிறைய மூச்சிழுத்து உரக்கப் பாடினார்கள். அதில் அவர்கள் 'நான்' என்றும் 'என்' என்றும் பாடினார்கள், ஏனென்றால் பாட்டு அப்படித்தான் எழுதப்பட்டிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு மனப்பாடமான பாட்டே முதல் நூல். அந்த நூலில் பேசுபவர் தலை நிமிர்ந்து தன்னைச் சுட்டிக்கொள்கிறார். இதை எந்த உபதேசியாரும் திட்டமிட்டுச் செய்திருக்க வேண்டியதில்லை. கீர்த்தனையின் அமைப்பே அதைச் செய்துவிடுகிறது.

இந்தப் பாட்டுகள் வந்த வழி நேரானதல்ல. தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த சீகன்பால்க் காலத்திலிருந்தே ஜெர்மானிய மெட்டுகளில் தமிழ் ஞானப்பாட்டுகள் பாடப்பட்டன. ஆனால் தமிழ்க் காதுக்கு உகந்த ராக தாளத்தில் கிறிஸ்தவக் கீர்த்தனைகளைப் பெருக்கியவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). திருநெல்வேலியில் பிறந்தவர், மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர், சரபோஜி மன்னரின் மதிப்பைப் பெற்றவர். அவர் பாட்டுகளைத் தொகுத்து 1853இல் சபை வழிபாட்டுக்கான நூலாக்கியவர் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரி எட்வர்ட் வெப். பிறகு அந்தப் பாட்டுகள் தமிழ் பேசும் புராட்டஸ்டன்ட் சபைகள் எங்கும் பரவின.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். 1820களின் இறுதியில் தஞ்சைக்கு வந்த புதிய மிஷனரிகள், வழிபாட்டில் சாதிவாரியாகத் தனித்தனியே உட்காரும் வழக்கத்தை ஒழிக்க முயன்றார்கள். வேளாளக் கிறிஸ்தவரான சாஸ்திரியார் அதைக் கடுமையாக எதிர்த்தார். 1829இல் அவர் எழுதியவற்றில் மிஷனரிகளின் கொடுமைகள் என்று நான்கைப் பட்டியலிட்டார். வேதத்தின் மொழிபெயர்ப்பை மாற்றியது, சாதிகளை வற்புறுத்தி ஒன்றாக்கியது, பண்டிகைகளில் பூவைத் தடுத்தது, ஆராதனையிலிருந்து தமிழ்க் கீர்த்தனைகளை நீக்கியது ஆகியவை அவை. தன் இசையைக் காக்க அவர் போராடியது நியாயம். கூட உட்காருவதை எதிர்த்தது நியாயமல்ல. இரண்டும் ஒரே மனிதரின் ஒரே பட்டியலில் இருக்கின்றன. அவரோடு ஒரே பாயில் உட்கார முடியாதிருந்த மக்களின் வழித்தோன்றல்கள்தான் அடுத்த தலைமுறைகளில் அவர் பாட்டுகளைத் தங்கள் பாட்டுகளாக்கிக்கொண்டார்கள். ஒரு பாட்டு யாருக்குச் சொந்தமாகும் என்பதைப் பாடலாசிரியரால் கட்டுப்படுத்த முடியவில்லை. எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் ஆறுதலளிக்கும் செய்தி இதுதான்.

தெற்கே, சொந்தமாகவும் பாட்டுகள் பிறந்தன. 1806இல் மயிலாடிக்கு வந்த மிஷனரி ரிங்கல்தோபே, அவருக்கு முன்பே கிறிஸ்தவராகி அவரை அழைத்துவந்த வேதமாணிக்கம் ஆகியோரோடு தொடங்குகிறது தென்திருவிதாங்கூர் சபைகளின் கதை. அதே மயிலாடியில் பிறந்தவர் ஜான் பால்மர் (1812–1883). 'கிறிஸ்தாயனம்' என்ற காவியம் இயற்றிய அவரது கீர்த்தனைகள் இன்றும் தமிழ்ச் சபைகளில் பாடப்படுகின்றன. நெய்யாற்றின்கரை அருகே திருப்புறத்தில் 1847இல் பிறந்த மோசவத்சலம் சாஸ்திரியார், கர்நாடக ராகங்களில் மலையாளக் கீர்த்தனைகள் எழுதினார். தமிழும் மலையாளமும் ஒரே முற்றத்தில் புழங்கும் நிலம் அது. 1956இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தபோது எல்லைக்கோடு சபைகளுக்கு நடுவே ஓடியது. பாட்டுகள் கோட்டைக் கடந்து போய்வந்தன. கத்தோலிக்கரிடமும் இதே நிலைதான். தூத்தூர் வட்டாரத்துக் கடலோரப் பங்குகள் தமிழ்நாட்டில் இருந்தாலும் திருவனந்தபுரம் லத்தீன் மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை.

சபை எல்லோரையும் சமமாக உட்காரவைத்தது என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். நாடார்களுக்கும் சாம்பவர்களுக்கும் புலையர்களுக்கும் தனித்தனிச் சபைகள் உருவாயின. மாராமண், எரவிப்பேரூர் பக்கம் பொய்கையில் யோகன்னான் (1879–1939) பல சபைகளில் இருந்து பார்த்துவிட்டு, அங்கும் அடிமைகளின் பிள்ளைகள் கடைசியிலேயே நிறுத்தப்படுவதைக் கண்டு வெளியேறினார். பிரத்தியட்ச ரட்சா தெய்வ சபையை நிறுவியபோது, அவர் கையிலிருந்த முதன்மையான கருவி பாட்டுதான். தன் முன்னோரின் துயரத்தையும், எந்த வரலாற்று ஏட்டிலும் அவர்களுக்கு ஒரு வரியும் இல்லாததையும் அவர் பாட்டாக்கினார். பிறருடைய பாட்டில் இடம் கிடைக்காதவர் தனக்கான பாட்டை எழுதுகிறார். சேர்ந்து பாடுவதன் ஆற்றலை அவருக்குக் கற்றுக்கொடுத்ததும் அவர் விட்டு வெளியேறிய சபைகளே.

இனி, பாடகர் குழுவின் உள்ளே போவோம். தென் தமிழகத்திலும் தென் கேரளத்திலும் தென்னிந்தியத் திருச்சபையின் (சி.எஸ்.ஐ.) சபைகளில் இன்றும் டானிக் சொல்ஃபா தாள்கள் புழங்குகின்றன. ஐந்து கோட்டு ஸ்டாஃப் இல்லாமல், எழுத்துகளாலேயே சுரங்களைக் குறிக்கும் முறை அது. இங்கிலாந்தின் நாரிச்சில் சாரா குளோவர் என்ற ஆசிரியை வகுத்ததை எடுத்து வளர்த்தவர் ஜான் கர்வென் (1816–1880). அவர் காங்கிரிகேஷனல் போதகர், அதாவது லண்டன் மிஷனரி சங்கத்தின் முதுகெலும்பாக இருந்த அதே மரபைச் சேர்ந்தவர். பியானோ வாங்க முடியாத தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளும் ஞாயிறு பள்ளிச் சிறுவர்களும் பார்த்தவுடன் பாட வேண்டும் என்பதே அவர் நோக்கம். இதில் 'தோ' எந்த உயரத்திலும் நிற்கலாம், மற்றவை அதிலிருந்து கணக்காகும். ஆதார சட்ஜத்தை அவரவர் குரலுக்கேற்ப வைத்துப் பாடும் நம் பழக்கத்துக்கு இது எவ்வளவு இயல்பாகப் பொருந்தும் என்பதை எண்ணிப் பாருங்கள். சரிகமபதநி கேட்டு வளர்ந்த காதுக்கு அந்தத் தாள் அந்நியமாகப் படுவதில்லை.

நான்கு பாகத்தில் பாடும் முறை நம் இசையில் இல்லாத ஒன்று. கீர்த்தனையில் எல்லோரும் ஒரே மெட்டைப் பாடுவார்கள். குரல் வளமுள்ள ஒருவர் முன்னே போக மற்றவர்கள் பின்தொடர்வார்கள். சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்று பிரித்துவிட்டால் நிலைமை மாறுகிறது. ஆல்ட்டோவுக்குப் பெரும்பாலும் மெட்டே கிடைக்காது. நான்கைந்து சுரங்களுக்குள் நகரும் வரி அது. தனியாகக் கேட்டால் என்ன பாட்டு என்றுகூடத் தெரியாது. ஆனால் அதை எடுத்துவிட்டால் பாட்டு மெலிந்துவிடும். மெட்டுக்கான குரல் இல்லை என்று பள்ளியில் ஒதுக்கப்பட்ட ஒரு பெண், தன் தாழ்ந்த குரல் குறையல்ல, அதற்கென்று எழுதப்பட்ட வரி ஒன்று உண்டு என்பதை இங்கே தெரிந்துகொள்கிறாள். பேஸ் வரிசைக்கு வரும் பையனும் அப்படித்தான். குரல் உடைந்த வயதில் வாயே திறக்காதவன் அவன். தேவைப்படுகிறோம் என்ற உணர்வு, நன்றாகப் பாடுகிறோம் என்ற உணர்வுக்கு முன்பே வந்துவிடுகிறது.

இன்னொரு நுட்பம் மூச்சில் இருக்கிறது. நீண்ட சொற்றொடர்களில் எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கினால் பாட்டு அறுந்துவிடும். அதனால் பக்கத்தில் இருப்பவர் மூச்சு வாங்கும்போது நீங்கள் தாங்குகிறீர்கள், நீங்கள் வாங்கும்போது அவர் தாங்குகிறார். உள்ளே இருப்பவர்களுக்குத் தங்கள் குறை தெரியும், வெளியே கேட்பவர்களுக்கு இடைவெளியே தெரியாது. மேடைக்கூச்சம் உள்ளவருக்கு இதைவிடப் பாதுகாப்பான பயிற்சிக்களம் இருக்க முடியாது. தவறினால் பாட்டு நிற்காது, அடுத்த வரியில் சேர்ந்துகொள்ளலாம்.

அறிவியல் இந்த அனுபவத்தை ஓரளவு அளந்திருக்கிறது. சுவீடனின் கோதன்பர்க்கில் பியோர்ன் விக்காஃப் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், சேர்ந்து பாடிய பதினெட்டு வயது இளைஞர்களின் இதயத்துடிப்பைப் பதிவுசெய்தார்கள். ஆளாளுக்கு நினைத்தபோது மூச்சு வாங்கி முனகியபோதைவிட, சொற்றொடருக்கு ஏற்ப மூச்சைக் கட்டுப்படுத்திப் பாடியபோது அவர்களின் இதயத்துடிப்புகள் அதிகம் ஒத்துக் கூடிக் குறைந்தன. காரணம் எளியது. மூச்சை உள்ளிழுக்கும்போது துடிப்பு விரைகிறது, வெளிவிடும்போது தணிகிறது. பாட்டு எல்லோருடைய மூச்சையும் ஒரே ஒழுங்கில் வைப்பதால் இதயங்களும் அந்த ஒழுங்குக்கு வருகின்றன. இதில் மாயமில்லை, ஆனால் சிறிய விஷயமும் அல்ல. மட்டீர் எழுதிய பக்கத்தை மனத்தில் வைத்து இதை வாசித்தால், தீட்டு என்று தடுக்கப்பட்ட அந்த மூச்சுதான் இங்கே பலரையும் ஒரு தாளத்துக்குள் கொண்டுவருகிறது.

ஆக்ஸ்ஃபோர்டில் ஐலுனெட் பியர்ஸ், ஜாக் லானே, ராபின் டன்பார் 2015இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நேரடியானது. முதியோர் கல்வியில் புதிதாகத் தொடங்கிய பாட்டு வகுப்புகளையும், கைவினை, எழுத்து வகுப்புகளையும் ஏழு மாதங்கள் தொடர்ந்து கவனித்தார்கள். ஏழாம் மாத இறுதியில் எல்லா வகுப்பினரும் தங்களுக்குள் ஏறத்தாழ ஒரே அளவு நெருங்கியிருந்தார்கள். வேறுபாடு தொடக்கத்தில்தான் இருந்தது. பாடியவர்கள் முதல் மாதத்திலேயே நெருங்கிவிட்டார்கள். ஒருவரோடொருவர் தனித்துப் பேசிப் பழகுவதற்கு முன்பே குழுவாக நெருங்கினார்கள் என்பது அந்த ஆய்வின் முக்கியமான கண்டுபிடிப்பு. ஆகவே பாட்டு மட்டுமே மனிதரை இணைக்கும் என்று இதை வைத்து உரிமை கொண்டாட முடியாது. பாட்டு விரைவாக இணைக்கிறது, அவ்வளவுதான். ஆனால் புது ஊருக்கு வந்து தனியே நிற்பவருக்கு அந்த விரைவுதான் வேண்டியது. 1990இல் தொடங்கிய டெக்னோபார்க்குக்கு வேலைக்கு வந்து கழக்கூட்டத்தில் அறை எடுத்துத் தங்கும் தமிழ் இளைஞர்களையும், மருத்துவக் கல்லூரிப் பக்கத்து விடுதிகளில் இருக்கும் செவிலிய மாணவிகளையும் நினைத்துச் சொல்கிறேன். ஊரில் பாடிய பாட்டை இங்கே வேறு மொழிச் சொற்களில், அதே மெட்டில் கேட்கும்போது, பாகம் தெரிந்தவர் உடனே சேர்ந்துகொள்ளலாம். மலையாளம் பழகும்முன்பே ஆல்ட்டோ பழகியிருக்கும்.

பெண்களின் குரல் இங்கே தனியாகப் பேசப்பட வேண்டியது. திருத்தந்தை பத்தாம் பயஸ் 1903 நவம்பர் 22இல் வெளியிட்ட திருஇசை ஆணை, பாடகர் குழுவை வழிபாட்டுப் பணியாகக் கருதி, அதில் பெண்களைச் சேர்க்கக் கூடாது என்றது. பன்னிரண்டாம் பயஸ் 1955இல் சில நிபந்தனைகளோடு அந்தக் கதவைத் திறந்தார். 1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டு ஏட்டை ஏற்றபின்பு, லத்தீன் பூசை மக்கள் மொழிக்கு மாறியது. பூந்துறை, வலியதுறை, விழிஞ்ஞம் கடலோரங்களில் இன்று ஞாயிறு பூசைக்குப் பாடும் இளம்பெண்களின் குழுக்கள் அந்த மாற்றத்தின் பிள்ளைகள். அதுவரை அவர்களின் தாய்மாரும் பாட்டிமாரும் பாடாமல் இல்லை. அர்ணோஸ் பாதிரியார் (1681–1732) மலையாளத்தில் இயற்றிய 'புத்தன் பானா'வைப் புனித வாரத்தில் வீட்டில் உட்கார்ந்து பாடினார்கள். வீட்டுக்குள் பாடத் தெரிந்த குரலுக்குப் பீடத்தின் அருகே இடம் கிடைக்கத்தான் அத்தனை காலம் ஆயிற்று.

தேவாலயத்தை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நகர முடியாது. இதே நகரில், கோட்டைக்குள், நவராத்திரி மண்டபத்தில் பெண்கள் பாடக்கூடாது என்ற வழக்கம் இருந்தது. பாறசாலை பி. பொன்னம்மாள் (1924–2021) சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியின் முதல் மாணவி, பிறகு அங்கேயே முதல் பெண் ஆசிரியை. வாழ்நாள் முழுதும் கற்பித்த அந்தச் சங்கீதத்தை அந்த மண்டபத்தில் பாட அவருக்கு 2006 வரை இடமில்லை. அப்போது அவருக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது. தேர்ச்சி இருந்தும் இடம் மறுக்கப்பட்டது அங்கே. தேர்ச்சி இல்லாதபோதும் இடம் தருவது பாடகர் குழுவின் நல்ல மரபு. ஆகவே அந்த மரபைக் கைவிடும் சபைகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஆங்கில ஆன்த்தம்களை மட்டுமே உயர்வாக எண்ணி, கீர்த்தனை மட்டும் தெரிந்தவர்களை மெல்ல ஓரங்கட்டும் போக்கு நகரச் சபைகளில் உண்டு. ஹாண்டல் பாட வேண்டாம் என்று சொல்லவில்லை, அது பெருமகிழ்ச்சி தரும் இசை. ஆனால் உச்சரிப்புக்குப் பயந்து ஒருவர் பின்வாங்கினால் அந்த மகிழ்ச்சிக்கு விலை அதிகம்.

தேவாலயத்துக்கு வெளியேயும் இது சாத்தியம் என்று காட்டியவர் எம்.பி. சீனிவாசன் (1925–1988). திரையிசையமைப்பாளர், இடதுசாரி, சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவைத் தொடங்கியவர். இந்திய மொழிப் பாட்டுகளைப் பல குரல் இசையாக அமைத்து, இசை படிக்காத மாணவர்களையும் தொழிலாளர்களையும் பாடவைத்தார். கேரளத்துப் பள்ளிப் பிள்ளைகளைப் பெருங்கூட்டமாகச் சேர்த்துப் பாடவைத்ததும் அவரே. அவர் பெயர் தாங்கிய எம்.பி.எஸ். யூத் கொயர் திருவனந்தபுரத்தில் இயங்கிவருகிறது. மதம் கேட்காமல் ஆள் சேர்க்கும் குழு அது. தேவாலயக் குழு தரும் தைரியத்தில் பெரும்பகுதி பக்தியிலிருந்து வருவதல்ல, சேர்ந்து பாடும் முறையிலிருந்து வருகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று இந்த ஊரில் இல்லை.

ஆனால் தேவாலயக் குழுவுக்கு மேடைக் குழுவுக்கில்லாத ஒரு கடமை உண்டு. கிறிஸ்துமஸ் கரோல், பெரிய வெள்ளியின் மும்மணி ஆராதனை, ஈஸ்டர் அதிகாலை, அறுப்பின் பண்டிகை, கல்யாணம் எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே பயிற்சி எடுக்கலாம். சாவு வீட்டுக்கு அது முடியாது. தகவல் வந்த சில மணி நேரத்தில் யார் யார் விடுப்பு எடுக்க முடியுமோ அவர்கள் வந்து நிற்பார்கள். நான்கு பாகமும் அமையாது. கீபோர்டு இருக்காது, தாளும் பெரும்பாலும் இருக்காது. வீட்டு முற்றத்திலும் கல்லறைக்குப் போகும் வழியிலும் மனப்பாடமான பாட்டுகளைப் பாட வேண்டும். அழுகிறவர்கள் நடுவே சுருதி இறங்கும், யாராவது மறுபடி எடுத்துக்கொடுப்பார்கள். அன்றைக்கு அந்தக் குடும்பத்துக்கு நல்ல குரல் எது என்ற எண்ணமே இராது, வந்தவர் யார் என்பதுதான் நினைவிருக்கும். கரோல் போட்டிக்குக் குரல் தேர்வு வைத்து ஆள் பொறுக்கும் குழுத்தலைவர்கள்கூட அடக்க ஆராதனைக்கு அப்படிச் செய்வதில்லை. குழுவில் கடைசியாகச் சேர்ந்த, இன்னும் தன் பாகத்தை முழுதும் கற்காத பையனையும் தொலைபேசியில் அழைத்து வரச்சொல்கிறார்கள்.